தோர்ன்வேல் பாரிஷின் சரித்திரம்

பார்சலைத் தூக்கிக்கொண்டு நித்யா கிடங்குக்கே வந்துவிட்டாள். யாங்கூனின் அலோன் துறையை ஒட்டிய அந்தப் பருப்புக் கிடங்கில் அம்சவேணி உளுந்து மூட்டைகளின் வாயைக் கோணி ஊசியால் தைத்துக்கொண்டிருந்தாள். ஜூலை மழை தகரக் கூரையில் இரைந்த இரைச்சலில் மகள் சொன்னது ஒன்றும் காதில் விழவில்லை. உறையில் இருந்த அந்நிய தபால்தலைகளைப் பார்த்ததும்தான் ஊசியைக் கீழே வைத்தாள்.

"அமே, கனடாவுலேருந்து வந்துருச்சு. எவ்வளவு கனம் பாருங்க." அம்மாவைப் பர்மிய வழக்கில் 'அமே' என்றுதான் கூப்பிடுவாள்.

உறையை யாரோ ஏற்கெனவே பிரித்துப் பார்த்து, மறுபடி ஒட்டியிருந்தார்கள். 2004-இல் யாங்கூனுக்கு வரும் வெளிநாட்டுத் தபால் பெரும்பாலும் அப்படித்தான் கைக்குக் கிடைக்கும். உள்ளே நீல அட்டை போட்ட தடித்த புத்தகம் ஒன்று. அதன் மேல் ஒரு துண்டுக் காகிதம்.

அம்சவேணியின் புருஷன் வடிவேல் அதே துறையில் கிரேன் ஓட்டியவன். தொண்ணூற்றொன்றில் சரக்குக் கப்பலில் வேலை கிடைத்துப் போனான். நித்யாவுக்கு அப்போது மூன்று வயது. இரண்டு வருஷம் கழித்து, கனடாவின் கிழக்குக் கரையில் கப்பல் நின்றபோது இறங்கியவன் திரும்ப ஏறவில்லை. தோர்ன்வேல் என்ற ஊரில் உருளைக்கிழங்குப் பண்ணையில் இருக்கிறேன், இங்கே தங்குவதற்கான காகிதம் கிடைத்ததும் உங்கள் இருவரையும் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று எழுதினான். வருஷத்துக்கு நாலு கடிதம் வந்தது, பிறகு இரண்டு, பிறகு ஒன்று. இரண்டாயிரமாவது வருஷத்தோடு அதுவும் நின்றது. அவள் எழுதியவை திரும்பி வந்தன. செத்திருப்பானோ என்று நினைத்தாள். போலீஸ் பிடித்திருக்குமோ என்றும் நினைத்தாள். இன்னொன்றை நினைக்க அவளுக்குத் தெம்பில்லை.

மாடி வீட்டு ரஹீமாதான் யோசனை சொன்னாள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பவள். அம்சவேணி வயதுதான். "அவன் காகிதமில்லாம இருந்தா, பேரச் சொல்லி விசாரிச்சா மாட்டிக்குவான். ஊரப் பத்தி மட்டும் கேப்போம். பள்ளிக்கூடக் கட்டுரைக்கு வேணும்னு நித்யா பேருல எழுதுறேன்." அப்படி எழுதிய கடிதத்துக்குத்தான் அந்த ஊர் சரித்திரக் குழு புத்தகத்தையே அனுப்பிவைத்திருந்தது. துண்டுக் காகிதத்தில் திருமதி எல்லிஸ் என்ற பெண்மணி, இவ்வளவு தொலைவிலிருந்து ஒரு மாணவி தங்கள் சிற்றூரை விசாரித்தது பெரிய சந்தோஷம் என்றும், புத்தகத்தில் பிழை எதுவும் கண்டால் தெரிவிக்கும்படியும் எழுதியிருந்தாள்.

கீழ் வீட்டுக்குள் மழைத்தண்ணீர் வந்ததால் புத்தகம் ரஹீமா வீட்டில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அம்சவேணியும் நித்யாவும் மேலே போவார்கள். ரஹீமா ஒரு பத்தியை இங்கிலீஷில் வாசித்து, தமிழில் சொல்லுவாள். நித்யாவுக்காக நடுநடுவே பர்மிய வார்த்தையும் போடுவாள்.

"பாரிஷ்னா மாதாகோயில் பங்குதானே?" என்று அம்சவேணி முதல் நாள் கேட்டாள்.

"இங்க அப்படித்தான். அங்க அரசாங்கமே நிலத்த அப்படிப் பிரிச்சு வெச்சிருக்கு. நம்ம தாலுக்கா மாதிரின்னு வெச்சுக்க."

அந்தத் தாலுக்கா மெல்ல மெல்ல அவளுக்குள் குடிவந்தது. வடக்கே மூன்று குன்றுகள். நடுவில் வளைந்து போகும் ஆறு. ஆற்றின் மேல் வீடு போலக் கூரை வேய்ந்த மரப்பாலம். கரையெல்லாம் உருளைக்கிழங்கு வயல். ஐந்து மாதம் ஆறு கல்லாக உறைந்து கிடக்கும். நூற்றெண்பது வருஷத்துக்கு முன்னால் முதலில் வந்த ஒன்பது குடும்பங்கள் அந்த உறைந்த ஆற்றின் மேல்தான் மாடு பூட்டிய சறுக்கு வண்டிகளில் சட்டி பானையோடு வந்தார்களாம். ஒரு வசந்தத்தில் பனிக்கட்டிகள் உடைந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பாலத்தையே தூக்கிக்கொண்டு போனதாம். கிடங்கில் தன்னோடு தைக்கும் பெண்களிடம் அம்சவேணி இதைச் சொன்னாள். "ஆத்து மேல மாடு நடக்குமா?" என்று அவர்கள் சிரித்தார்கள். "நடக்கும். எங்க ஊர்ல நடக்கும்," என்றாள். எங்கள் ஊர் என்று வந்துவிட்டது வாயில். திருத்திக்கொள்ளவில்லை.

நித்யா முதல் பக்கத்து வரைபடத்தைப் பார்த்து வரைந்து, தன் படுக்கைக்கு மேலே ஒட்டிக்கொண்டாள். பண்ணை எது, பாலம் எது, பாலத்திலிருந்து பள்ளிக்கூடம் எத்தனை மைல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். அப்பாவின் முகம் அவளுக்கு நினைவில்லை. அந்த ஊர் இருந்தது.

அக்டோபரில் ஒரு ஞாயிறு. நித்யா சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தாள். புத்தகத்தில் மிச்சமிருந்தது கடைசிப் பகுதி மட்டுந்தான். ஊரில் உள்ள குடும்பங்களின் வரிசை. ஒவ்வொன்றுக்கும் நாலைந்து வரிகள், தபால்தலை அளவில் ஒரு படம். ரஹீமா சுவாரஸ்யமில்லாமல் புரட்டி, இரண்டு வரி சொல்லிச் சொல்லித் தாண்டிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கத்தில் கை நின்றது. பக்கத்தை வேகமாகத் திருப்பப் பார்த்தாள். அதற்குள் அம்சவேணி விரலை வைத்துவிட்டாள்.

உடம்பு போட்டிருந்தது. கனத்த கோட்டு. நெற்றி ஏறியிருந்தது. தலையை ஒரு பக்கம் சாய்த்து நிற்கும் அந்த நிற்பு மட்டும் மாறவில்லை. பக்கத்தில் பொன்னிற முடியோடு ஒருத்தி. முன்னால் ஒரு பையன், ஒரு சின்னப் பெண்.

"வாசி," என்றாள் அம்சவேணி.

"அம்சா, வேணாம்."

"நீ வாசிக்கலைன்னா தெருவுல போறவன்கிட்ட காட்டி வாசிக்கச் சொல்லுவேன்."

ரஹீமா வாசித்தாள். வடிவேல் என்ற பெயரை அங்கே இரண்டாக வெட்டியிருந்தார்கள். "'வாடி' வெய்ல். பர்மாவுல பிறந்தவர். தொண்ணூத்து மூணுல நம்ம பாரிஷுக்கு வந்தார். தொண்ணூத்தெட்டுல கேரல்ங்கற பொண்ணக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். பிள்ளைங்க டேனியல், கிரேஸ்." நிறுத்தினாள். பிறகு, ஒரேயடியாகச் சொல்லி முடித்துவிடுகிறவள் போல மீதியைச் சொன்னாள். "எண்பத்தெட்டுல அவர் நாட்டுல நடந்த கலவரத்துல மனைவியையும் கைக்குழந்தையையும் பறிகொடுத்தவர். அவங்க நினைவா தேவாலயத்துக்குப் பக்கத்துல ஊர்க்காரங்க ஒரு மேப்பிள் மரம் நட்டிருக்காங்க. ஒவ்வொரு வருஷமும் அவங்களுக்காக ஜெபம் பண்றாங்க."

கீழே தெருவில் பழைய இரும்பு வாங்குகிறவன் கூவிக்கொண்டு போனான்.

எண்பத்தெட்டு ஆகஸ்டில் பட்டாளம் தெருவெல்லாம் சுட்டுக்கொண்டிருந்தபோது நித்யா நாலு மாதக் குழந்தை. மூன்று நாள் கதவைச் சாத்தி, தரையில் படுத்திருந்தார்கள். வடிவேல் அவர்கள் இருவர் மேலும் குப்புறக் கவிழ்ந்து கிடந்தான். குண்டு வந்தால் என் முதுகில் வரட்டும் என்றான். அது பொய்யில்லை. அந்த முதுகின் வியர்வை அவளுக்கு இப்போதும் தெரியும். அதே மூன்று நாளில்தான் அவளைக் கொன்றிருக்கிறான்.

"அதச் சொல்லித்தான் காகிதம் வாங்கியிருப்பான்," என்றாள் ரஹீமா மெதுவாக.

"தப்பு இருந்தா எழுதச் சொன்னாங்களே. எழுது. அவன் பொண்டாட்டி உளுந்து மூட்டை தைக்கிறா, மக பத்தாவது படிக்கிறான்னு எழுது."

ரஹீமா காகிதத்தை எடுத்தாள். பேனாவைத் திறந்தாள். "எழுதுறேன். ஆனா ஒண்ணு. இது போய்ச் சேந்தா அவன் சொன்னதெல்லாம் பொய்னு ஆயிரும். பிடிச்சு இங்கதான் அனுப்புவாங்க. இங்க இறங்குனதும் என்ன செய்வாங்கன்னு உனக்கே தெரியும்."

"செய்யட்டும்."

"சரி. சொல்லு."

அம்சவேணி வாயைத் திறந்தாள். கைவிலங்கோடு விமானத்திலிருந்து இறங்கும் ஒரு தடித்த ஆளை நினைத்துப் பார்த்தாள். அவனைப் பார்க்க ஜெயில் வாசலில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வரிசையில் நிற்கும் தன்னையும் நினைத்தாள். போகாமல் இருக்கமாட்டாள் என்று அவளுக்கே தெரிந்தது. அதுதான் எல்லாவற்றையும்விடக் கேவலமாக இருந்தது.

"மூடி வை," என்றாள்.

ரஹீமாவிடம் பிளேடு வாங்கி அந்தப் பக்கத்தை ஓரமாக அறுத்தெடுத்தாள். மறுநாள் கிடங்கில், தராசிலிருந்து வந்த ஒரு மூட்டையின் உளுந்துக்குள் முழங்கை வரை கையை விட்டு, மடித்த காகிதத்தைப் புதைத்தாள். வாயைத் தைத்தாள். எப்போதும் போடுவதைவிட நாலு தையல் கூடப் போட்டாள். மத்தியானம் கூலிக்காரர்கள் அதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு படகுத்துறைக்குப் போனார்கள். எந்த முதுகில் போனது என்று அவள் பார்க்கவில்லை.

மகளிடம், "மிச்சமெல்லாம் வெறும் பேருங்கதான்," என்று சொல்லிவிட்டாள்.

"அப்பே பேரு இல்லியா?"

"இல்ல."

நித்யா அழவில்லை. "அப்ப வேற ஊருக்குப் போயிருப்பாரு," என்றாள். புத்தகத்துக்கு நன்றி சொல்லித் தானே இங்கிலீஷில் கடிதம் எழுத உட்கார்ந்தாள். அவள் எழுதி முடிக்கும் நேரத்தில், சோறு வடித்துக்கொண்டிருந்த அம்சவேணி திரும்பாமலே சொன்னாள். "தேவாலயத்துக்குப் பக்கத்துல ஒரு மரம் நட்டிருக்காங்களாம். அது எப்படி இருக்குன்னு கேளு."

"எந்த மரம் அமே?"

"சும்மா. கேளு."

பிப்ரவரியில் பதில் வந்தது. ரஹீமாவுக்காகக் காத்திராமல் நித்யாவே உறையைப் பிரித்தாள். உள்ளே ஒரு கலர் போட்டோ. எழுத்துக் கூட்டி, தட்டுத்தடுமாறி வாசித்து, தனக்குப் புரிந்த அளவு தமிழும் பர்மியமுமாகச் சொன்னாள். மரம் நன்றாக வளர்ந்துவிட்டதாம். இலையுதிர் காலத்தில் ஊரிலேயே அழகான மரம் அதுதானாம். படத்தில் இருக்கும் பிள்ளைகளின் அப்பாதான் அதற்குக் குழி வெட்டியவராம்.

"நம்ம நாட்டுல செத்தவங்களுக்காக வெச்சதாம் அமே. யாரோ ஒரு அம்மாவும் பாப்பாவும்." நித்யா கடிதத்தை மடித்தாள். "பாவம்ல?"

"ம்," என்றாள் அம்சவேணி.

நித்யா ஸ்டூலில் ஏறி, வரைபடத்துக்குப் பக்கத்தில் போட்டோவை வைத்துப் பார்த்தாள். நேராக இருக்கிறதா என்று கேட்டாள். அம்சவேணி கிட்டே போய் நின்றாள். இவ்வளவு சிவந்த மரத்தை அவள் பார்த்ததில்லை. அடியில் முழங்கால் உயரத்துக்கு இலைக்குவியல். ஒரு பையன் அதற்குள் குதித்துக்கொண்டிருந்தான். அவன் கால்கள் இன்னும் தரையைத் தொடவில்லை. சின்னப் பெண் இரண்டு கையிலும் இலைகளை அள்ளித் தலைக்கு மேலே வீசியிருந்தாள். அவை கீழே விழாமல் அவளைச் சுற்றி அப்படியே நின்றன. அவள் தலையை ஒரு பக்கம் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.