சுழி பார்த்து வாங்கிய குதிரை

மொக்கம்மாள் ஏலக்காயையே எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் நம்புவாள். கட்டைவிரலில் பச்சை ஒட்டினால் அது சாயம் போட்ட காய். அந்த வழக்கத்தில், போடிமெட்டில் ஸ்டான்லி கொண்டுவந்து நிறுத்திய குதிரையின் விலாவையும் ஈரத்துண்டால் அழுத்தித் தேய்த்தாள். துண்டில் புழுதிதான் வந்தது.

"அக்கா, குதிரைக்கு எவனாச்சும் சாயம் போடுவானா?"

"காய்க்குப் போடுறவன் குதிரைக்குப் போட மாட்டானா தம்பி?"

ஸ்டான்லி மெட்டில் ஏலக்காயும் மிளகும் விற்கிறவன். சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிச் சுற்றிக் காட்டலாம் என்று இரண்டு மாதத்துக்கு முன்னால் பூப்பாறைப் பக்கம் இதை வாங்கினான். வந்தவர்களெல்லாம் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்களே தவிர, ஏற ஆளில்லை.

மொக்கம்மாளுக்கோ ஏறியே ஆக வேண்டும். போன வருஷம் ஜீப்பு கவிழ்ந்து முதுகுத்தண்டில் அடி. தூக்கிப் போடுகிற எதிலும் ஏறக் கூடாது, மீறினால் கால் இரண்டும் விளங்காமல் போகும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போடியிலிருந்து மெட்டு வரைக்கும் பஸ்சில் முன் சீட்டில் தலையணை வைத்து வந்துவிடலாம். மெட்டிலிருந்து அவளுடைய ஏலத்தோட்டத்துக்கு மூன்று கிலோமீட்டர். அதைப் பாதை என்று சொல்வதே பாவம், பாறையை உருட்டிவிட்ட ஓடை. நடக்கலாமென்றால் நூறு தப்படியில் இடது கால் மரத்துவிடும். பதினான்கு மாதமாகத் தோட்டத்தை அவள் கண்ணால் பார்க்கவில்லை.

அண்ணன் மகன் யோகராஜ்தான் மேலே தங்கிப் பார்த்துக்கொண்டான். அவன் கைக்குப் போனதிலிருந்து விளைச்சல் பாதியாகிவிட்டது. அழுகல் நோய் என்றான், குரங்கு என்றான். "உங்களால இனி ஏற முடியாது அத்தை. தை பிறந்ததும் எனக்கே குத்தகைக்கு எழுதிக் குடுத்துருங்க" என்றான். ஏற வழி கிடைக்காவிட்டால் எழுதித் தருகிறேன் என்று அவளும் வாக்குக் கொடுத்துவிட்டாள். புருஷன் போன பிறகு ஒற்றையாளாக நின்று நட்ட செடிகள். கொடுக்க மனசே இல்லை. தைக்கு இன்னும் இருபது நாள்தான் இருந்தது.

"இது மார்வாரி ஜாதிக் குதிரை அக்கா. மத்த குதிரை மாதிரி தூக்கித் தூக்கிப் போடாது. ரேவால்னு வடக்க ஒரு நடை சொல்றாங்க, யாரும் பழக்கல, பிறவியிலயே வர்றது. பாருங்க."

டீக்கடை சாராளிடம் டம்ளர் வாங்கி, மொக்கம்மாளே விளிம்புவரை தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். ஸ்டான்லி குதிரைமேல் ஏறி, அதை உள்ளங்கையில் ஏந்தியபடி செக்போஸ்ட் வரை வேகமாகப் போய்த் திரும்பினான். கால்கள் நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. முதுகு மட்டும் தோணிபோல மிதந்து வந்தது. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

சிந்தியிருந்தால்கூட நம்பியிருப்பாள். இவ்வளவு ஒழுங்காக ஒரு பிராணி நடந்தால் உள்ளே ஏதோ கோளாறு இருக்கும் என்று அவளுக்குப் பட்டது. போனில் படம் எடுத்து யோகராஜுக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டாள்.

"இந்தக் குதிரையா? வேண்டாம் அத்தை. காது ரெண்டும் மேல ஒட்டி நிக்குது பாருங்க, தச்சு வச்சிருக்கான்."

காது மடலை விரித்துப் பார்த்தாள். தையல் இல்லை. அந்த ஜாதிக்கே காது அப்படித்தானாம்.

"அபின் குடுத்து நடக்க விட்டிருப்பான்."

குதிரையை இரண்டு நாள் சாராள் கடைக்குப் பின்னால் கட்டச் சொன்னாள். புல்லும் தண்ணீரும் சாராள் மட்டும்தான் வைக்க வேண்டும். மூன்றாம் நாளும் அதே நடை. ஸ்டான்லி முகம் சுளிக்காமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டியதும் அவளுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

"சுழி பாருங்க அத்தை. கெட்ட சுழியிருந்தா மயிரைச் சிரைச்சு மறைச்சிருப்பானுக."

"நீயே வந்து பாரேன் அப்பு."

"தோட்டத்து ஸ்டோர்ல காய் காயுது அத்தை. நகர முடியாது."

நெற்றி, கழுத்து, வயிறு, தொடை என்று அரை நாள் விரலால் துழாவினாள். ஒரு பொல்லாத சுழியும் அகப்படவில்லை. ஸ்டான்லியிடம் பணத்தை எண்ணிக் கொடுத்தாள். ஊரே ஏமாற்றப் பார்க்கும்போது, தன்னைப்போலவே சந்தேகப்பட ஒரு ரத்த சொந்தம் இருக்கிறதே என்று அவளுக்கு ஆறுதலாக இருந்தது. அவனுக்கு ஆச்சரியம் கொடுக்க வேண்டும் என்றே குதிரையை வாங்கியதைச் சொல்லவில்லை.

மறுநாள் காலை, அவனுக்குப் பிடித்த காராச்சேவு அரைக் கிலோவோடு மெட்டில் பஸ்சை விட்டு இறங்கினாள். ஸ்டான்லி கூட வருவதாகச் சொன்னான்.

"நீ வந்தா அது உனக்காக நடிக்கும். வேண்டாம்."

சின்ன வயதில் சுமைக் குதிரைகளின் மேல் உட்கார்ந்து மலையேறியவள்தான். திட்டில் ஏறி, மெதுவாக உட்கார்ந்து கிளம்பினாள். இப்போது வலிக்கும், அந்தப் பாறையில் வலிக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டே போனாள். வலிக்கவில்லை. பாதி வழியில் தன்னையறியாமல் குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தாள்.

பாதை பிரியும் இடத்தில் தோட்டத்து வாசலுக்கு இடப்பக்கம் போக வேண்டும். குதிரை வலப்பக்கம் திரும்பியது. கடிவாள வாரை இழுத்தாள். நின்றது, விட்டதும் மறுபடி வலப்பக்கமே போனது. அவள் கழுத்துச் சங்கிலிக்கு ஆசைப்பட்டு ஸ்டான்லிதான் குதிரையை இப்படிப் பழக்கி அனுப்பியிருக்கிறான், கீழே ஆள் நிற்கும் என்றே நினைத்தாள். யோகராஜ் தலைபாடாக அடித்துக்கொண்டானே!

ஓடைக்கரையோரம் இறங்கி வளைந்ததும் ஒரு கம்பிவேலி தெரிந்தது. அவள் வேலிதான். அவள் தோட்டத்தின் பின்பக்கம். குதிரை அங்கேயிருந்த தட்டைப் பாறையை ஒட்டிப் பக்கவாட்டில் போய் அசையாமல் நின்றது. அந்த நிற்பு அவளுக்குத் தெரியும். சுமை ஏற்றக் காத்திருக்கும் குதிரைதான் அப்படி நிற்கும்.

பாறைமேல் வாய் கட்டிய இரண்டு மூட்டைகள் இருந்தன. ஈரம் காயாத பச்சை ஏலக்காய் வாசனை. வேலிக் கம்பியைக் கதவுபோல அறுத்துக் கொக்கி போட்டிருந்தார்கள். இந்தத் தோட்டத்துக்கு வந்தே இராத குதிரை என்றால் இந்தப் பாறை எப்படித் தெரியும்? ஸ்டான்லி வாங்குமுன் பூப்பாறையிலிருந்து இதைச் சுமைக்கு வாடகைக்குப் பிடித்து வந்தவன் யார்?

கொக்கி விலகியது. தலையில் மூன்றாவது மூட்டையோடு யோகராஜ் குனிந்து வெளியே வந்தான். குதிரை கனைத்து, அவன் சட்டைப் பையில் மூக்கை நுழைத்தது.

"இன்னைக்கு வெல்லம் இல்லடா" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டான். அப்புறம்தான் நிமிர்ந்து மேலே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தான்.

மூட்டை தோளில் சரிந்தது. மொக்கம்மாளின் மடியில் காராச்சேவுப் பொட்டலம் உறுத்தியது.

"அத்தை... நான் அப்பவே சொன்னேன்ல, இந்தக் குதிரைக்குச் சுழி சரியில்லன்னு..."

"சுழி இருந்தது நெசந்தான் அப்பு. நான்தான் குதிரை மேல தேடிட்டுத் திரிஞ்சேன்" என்றாள் மொக்கம்மாள். "ஸ்டோர் சாவியக் கொண்டா."