நாற்பத்தோராவது கதவு

"பக்கத்து வீட்டுல யாரு இருக்கணும்?" என்று கேப்ரியல் கேட்டதும் தாயம்மா சிரித்துவிட்டாள்.

"யாரு வேணும்னாலும் இருக்கட்டும் தம்பி. ராக்கம்மா மட்டும் வேணாம்லா. அவ கோழிக்கு எங்க அடுப்படிதான் மாமியா வீடு."

அதையும் நோட்டில் எழுதிக்கொண்டான். ரந்தா ஊருக்குப் பக்கத்தில் இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில், மூன்று மூலைகளில் சிதறிக் கிடந்த லயங்களை, அந்தத் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளை, ஆறு வாரத்துக்குள் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து முள்வேலி போட வேண்டும் என்று வெள்ளைக்கார அரசின் அவசரகால உத்தரவு வந்திருந்தது. காட்டுக்குள் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்விடக் கூடாதாம். தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி கேப்ரியல் மாலை வகுப்பில் கட்டடப் படம் வரையப் பழகுகிறான் என்பதால் துரை அந்த வேலையை அவனிடம் விட்டிருந்தார். வேறொருவராக இருந்தால் சம்பளப் பதிவேடான செக்ரோலைப் பார்த்துப் பெயர்களை வரிசையாக அடுக்கியிருப்பார். அவன் வீடு வீடாகப் போனான். குழாய் எங்கே வேண்டும், யாருக்கு யாரை ஆகாது, யாரால் படி ஏற முடியாது என்று கேட்டான். பால் வெட்டிவிட்டு வந்து சுருண்டு கிடந்தவர்கள்கூட எழுந்து உட்கார்ந்து பதில் சொன்னார்கள். அதுவரை அவர்களிடம் யாரும் எதையும் கேட்டதில்லை.

மேட்டு லயத்துக் கடைசி அறையில் மயிலம்மாள் இருந்தாள். வெட்டுக்காட்டில் வழுக்கி விழுந்து கால் போனதிலிருந்து செக்ரோலில் அவள் பெயர் இல்லை. ரவிக்கை தைத்துக் காலம் தள்ளினாள்.

"வாசப்பக்கம் வெளிச்சம் இருந்தாப் போதும் தம்பி. ஊசி கோக்கணும்ல."

அவளோடு நாற்பத்தொரு வீடு ஆயிற்று.

"செக்ரோல்ல இல்லாதவளுக்கு வீடு குடுக்கணும்னு கட்டாயமில்ல," என்றார் பெரிய கிராணி ராமகிருஷ்ணன். "ஆனா நீ படத்துல போட்டுட்டா தொரை கையெழுத்துப் போட்டுருவாரு. ஒன் இஷ்டம்யா."

படத்தில் நான்கு வரிசை, வரிசைக்குப் பத்து வீடு, நடுவே நேரான பாதை. நான்காவது வரிசையின் முனையில் அந்த ஒற்றை அறை மட்டும் மருவைப்போல் ஒட்டிக்கொண்டிருந்தது. இடப்பக்கம் நகர்த்திப் பார்த்தான். வலப்பக்கம் நகர்த்திப் பார்த்தான். அந்த வாரம்தான் வகுப்பில் படத்தைக் காட்ட வேண்டும். யாராவது அவளைச் சேர்த்துக்கொள்ளாமலா போய்விடுவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அதை அழித்தான். வாத்தியார் படத்தை உயர்த்திப் பிடித்து வகுப்புக்கே காட்டினார். அன்று வீடு திரும்பும்வரை அவனுக்கு மயிலம்மாளின் நினைவு வரவேயில்லை. பின்னால் அவனை அதிகம் வாட்டியது அதுதான்.

குடிபோன நாளில் வேலி வாசலில் நின்று போலீஸ்காரர் அந்தப் படத்தை வைத்துத் தயாரித்த பட்டியலைப் படித்தார். பட்டியலில் பெயர் இருந்தால்தான் வீடு. வீடு இருந்தால்தான் அரிசி. நாற்பது வீடும் உள்ளே போன பிறகு மயிலம்மாள் மட்டும் சட்டிபானை மூட்டையோடு வெளியே நின்றாள்.

"எங்க வாசத்திண்ண அஞ்சடியில படுத்துக்கட்டும் ஐயா," என்றாள் தாயம்மா. போலீஸ்காரர் முடியாது என்று கையை ஆட்டினார்.

"எல்லாத்தையும் கேட்டு எழுதுனானே இந்தப் பய!" ராக்கம்மாவின் குரல் உயர்ந்தது. "இவ பேரு மட்டும் எங்க போச்சு?"

"அவன ஏன்டி வையுற?" என்றாள் மயிலம்மாள். "எம் முன்னாலதான் எழுதுனான். மேல உள்ளவங்க வெட்டிவிட்டுருப்பாங்க. புள்ள என்ன பண்ணும்?"

எல்லாரும் கேப்ரியலைப் பார்த்தார்கள். 'நான்தான்' என்ற ஒரு சொல் போதும். அவன் பென்சிலைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தான், திரும்ப வைத்தான்.

"துரைகிட்ட பேசுறேன்க்கா," என்றான். துரை ஊரில் இல்லை என்பது அவனுக்குத் தெரியும்.

லாபு என்ற ஊரில் அவளுக்கு ஒரு சித்தப்பா மகன் இருந்தான். பலகை இறக்க வந்த லாரி அந்த வழியாகத்தான் திரும்பிப் போனது. மூட்டையை மேலே ஏற்றியாயிற்று; அவளால் மட்டும் ஏற முடியவில்லை. கேப்ரியல் குனிந்து இரண்டு கையையும் கோத்துக் காட்டினான்.

மயிலம்மாள் தயங்கினாள். "காலு படுதேன்னு நெனச்சுக்காத தம்பி," என்று அவன் தலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு நல்ல காலை அவன் கைமேல் வைத்து ஏறினாள். அவன் நினைத்ததைவிடக் கனம் குறைவாகவே இருந்தாள்.

லாரி வளைவில் மறைந்தது. வாசலை அடைக்க வேண்டும், உள்ளே வா என்று போலீஸ்காரர் கூப்பிட்டார். உள்ளங்கைகளில் அவளுடைய ஐந்து கால்விரலும் குதிகாலுமாகச் செம்மண் ஈரமாகப் பதிந்திருந்தது. கோத்த கைகளைப் பிரிக்காமல் கேப்ரியல் அங்கேயே நின்றான்.