ஜெயபாரதி சொல்லாத பெயர்

அன்று ஒலிப்பதிவு அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். கணினிக்கு முன்னால் ஒலிப்பதிவாளன் தமிழரசன். அவனுக்குப் பின்னால், கதவை ஒட்டி, கம்பெனி முதலாளி ஜாஃபர் சாதிக். சுவரோரம் குரல் கொடுக்கும் குந்தவை; அவள் பக்கத்தில், குரல் கலைஞர்களுக்கு நாள் குறித்து வரவழைக்கும் ரிஃப்காவாகிய நான். ஸ்பீக்கருக்கு நேரெதிரே, திருப்பனந்தாளிலிருந்து வந்திருந்த பஞ்சநதம். கண்ணாடிக்கு அப்பால், மைக் இருக்கும் உள்ளறையில் யாருமில்லை. அங்கே உட்கார்ந்து பேசிய ஜெயபாரதி ஐப்பசியில் காய்ச்சலில் இறந்துவிட்டார். பஞ்சநதம் அவருடைய கணவர்.

கும்பகோணத்தில் பாத்திரக் கடை மாடியில் நாங்கள் செய்துகொண்டிருந்த வீடியோ கேம், வெள்ளத்தில் மூழ்கிய ஊரைப் பற்றியது. ஆடுபவர் தன் பெயரைத் தேர்ந்தெடுத்ததும், மதகின்மேல் நிற்கும் ஒரு பெண் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் இருட்டில் கரையேற வேண்டும். அதனால் ஜெயபாரதி ஊரில் உள்ள பெயர்களையெல்லாம் சொல்ல வேண்டியிருந்தது. ஒன்றை மட்டும் சொல்லவேயில்லை.

“அது எங்க வீட்டுக்காரர் பேரு. மைக்குலயும் சொல்ல மாட்டேன், போ,” என்பார். நானும் அதை அடுத்த பதிவுக்கு, அதற்கடுத்த பதிவுக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

பட்டியலில் இன்னும் சில பெயர்கள் பாக்கி இருக்கும்போதே அவர் இறந்துவிட்டதால், அவருடைய பதிவுகளைக் கணினிக்குப் பழக்கி, மிச்சப் பெயர்களை அவர் குரலிலேயே சொல்ல வைத்திருந்தான் தமிழரசன். கேட்டுவிட்டுச் சம்மதக் கையெழுத்துப் போடத்தான் பஞ்சநதம் வந்திருந்தார். அவர் மறுத்தால் அந்தக் குரலைப் பயன்படுத்த முடியாது. தமிழரசன் முதல் சில பெயர்களை ஒலிக்கவிட்டான்.

“அப்பிடியே அக்காதான்,” என்றாள் குந்தவை. “அண்ணே, அடுத்தது உங்க பேரு. அக்கா வாயால இன்னிக்குத்தான் கேக்கப் போறீங்க. நான்லாம் எங்க வீட்டுக்காரர் பேரை நாள்பூரா ஏலம் போடுறேன்.”

பஞ்சநதம் லேசாகச் சிரித்தார்.

ஸ்பீக்கரில் மூச்சிழுக்கும் சத்தம். பிறகு, “ஏங்க... இந்தப் பக்கம் வாங்க.”

“என்ன தமிழு, வேற எதுவும் கலந்துடுச்சா?” என்றார் ஜாஃபர் சாதிக்.

எல்லாப் பதிவுகளையும் வரிக்கு வரி சரிபார்த்தவள் நான். ‘இந்தப் பக்கம் வா’ என்பதுதான் வசனம். ‘ஏங்க’ எதிலும் கிடையாது.

தமிழரசன் பெயரைப் புதிதாகத் தட்டினான். குரல் இன்னும் கிட்டத்தில் கேட்டது. “ஏங்க, வரலையா?”

பஞ்சநதம் எழுந்து கண்ணாடியருகே போனார். குந்தவை என் கையைப் பிடித்துக்கொண்டாள். திரையில் உள்ளறை மைக்குக்கான பச்சைக் கோடு, ஆள் மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

“அந்த மைக் வயரு கழட்டித்தான் சார் கெடக்கு,” என்றான் தமிழரசன்.

“இன்னொரு தடவ போடாதீங்க தம்பி,” என்றார் பஞ்சநதம், திரும்பாமலே. “நான் கையெழுத்துப் போட்டா, இப்பிடியே ஊர்ல இருக்கிறவன் வீட்டுக்கெல்லாம் போயி தண்ணிக்குள்ள நின்னு கூப்பிட்டுக்கிட்டே இருப்பாளா?”

“ரிலீஸ் தேதி சொல்லியாச்சேண்ணே...” என்றார் ஜாஃபர் சாதிக்.

“உசுரோட இருந்தப்ப அவளா வந்து பேசினது அவ வேலை. அது இருக்கட்டும் பாய். நீங்க பேச வெச்சது வேணாம்.”

ஜாஃபர் சாதிக் பச்சைக் கோட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். “அழிச்சுடு தமிழு.”

பஞ்சநதம் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார். “நீ போ. நான் மெதுவா வர்றேன்.”

தமிழரசன் அழித்தான். கோடு படுத்துவிட்டது.

“அழிச்சாச்சுன்னு எழுதி அனுப்புங்கம்மா,” என்றார் பஞ்சநதம் என்னிடம். “அவ படத்துக்கு முன்னாடி நின்னு படிச்சுக் காட்டணும்.”

நகல் எங்கும் இல்லை என்று தமிழரசன் தேடிப் பார்த்துச் சொன்ன பிறகே மறுநாள் கடிதம் எழுதினேன். மிச்சப் பெயர்களைக் குந்தவை தன் குரலிலேயே, வேறொரு மதகில் நிற்கும் வேறொரு பெண்ணாகச் சொல்லுவாள் என்பதையும் சேர்த்தேன். முதலாளி கையெழுத்துப் போட்டார். சத்தமாகப் படிக்கப்போகிற கடிதம் என்பதால் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் படித்தேன். பிறகு உறையை ஒட்டி எடுத்துக்கொண்டு போய், தபால் நிலையத்தில் ஸ்பீட் போஸ்ட்டில் சேர்த்துவிட்டு வந்தேன்.