மொர்வால் வம்சத்து முழங்கால்

மொர்வால் வம்சத்து முழங்கால் கடவுளுக்கும் அரசருக்கும் தவிர இந்த உலகத்தில் வேறு யாருக்கும் மடங்கியதில்லை. இருநூறு வருடமாக மடங்கியதில்லை. இது எங்கள் நாட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர் எவராவது இருந்தால் திபோ த மொர்வால் அவரைத் தேடிப் போய்ச் சொல்லிவிடுவார். கல்யாண விருந்தில் சொல்லியிருக்கிறார், சாவு வீட்டில் சொல்லியிருக்கிறார். பாவமன்னிப்புக்குப் போன இடத்தில், மண்டியிட்ட வாக்கிலேயே பாதிரியாரிடமும் சொல்லியிருக்கிறார்.

புனித மார்ட்டின் திருநாளுக்கு மறுநாள், மதியத்துக்குச் சற்றுப் பிறகு, அந்த முழங்கால் ஒரு செத்த குதிரைக்கு அடியில் இருந்தது. குதிரையும் மொர்வால் வம்சத்துக் குதிரைதான். இரண்டும் எதிரிகளான ஃப்ளெமிஷ்காரர்களின் ஊர் வாய்க்கால் ஒன்றுக்குள் கிடந்தன.

காலையில் சண்டை தொடங்குமுன் யாரோ ஒருவர், வில்லாளிகளை முன்னால் அனுப்பலாமே என்றார். முதல் அடியைப் குலம் கோத்திரம் இல்லாத பயல்கள் அடித்துவிட்டால் நம் கௌரவம் என்ன ஆவது என்று கேட்டவர் திபோ. நியாயமான கேள்வி என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். சொந்த வில்லாளிகளை இடித்துத் தள்ளிக்கொண்டு முந்நூறு குதிரைகள் பாய்ந்தன. வாய்க்கால் இருப்பதை வில்லாளிகள் பார்த்திருந்தார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

முதலில் கால் வலித்தது. பிறகு வலிக்கவில்லை. வலி நின்றதைத் திபோ ஒரு தகவலாகக் குறித்துக்கொண்டார். நெஞ்சு வரை தண்ணீர். மேலே சாம்பல் நிற வானம். முந்நூறு பேரில் எத்தனை பேர் மிச்சம் என்று எண்ணத் தொடங்கி, பதினொன்றில் சலிப்புத் தட்டி விட்டுவிட்டார்.

பத்தடி தள்ளி ரெனியே கிடந்தான். திபோவின் சித்தப்பா மகன். சற்று முன்புவரை நின்றுகொண்டிருந்தான்.

ரெனியேயைப் பற்றி ஒரு கதை உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஆற்றங்கரைச் சண்டையில் அவன் தனியாக மாட்டிக்கொண்டான். பிடித்தவன் தோல் பதனிடுகிறவன். பட்டம் பெற்ற வீரன் இன்னொரு பட்டம் பெற்ற வீரனிடம்தான் சரணடையலாம் என்பது எங்கள் முறை. கண்டவனிடம் கையுறையைக் கழற்றிக் கொடுத்துச் சரணடைந்தால், மானம் போனவன் என்று அவன் கேடயத்தைத் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். ரெனியே யோசித்தான். தோல்காரனை மண்டியிடச் சொன்னான், வாளால் தோளைத் தொட்டு வீரப் பட்டம் கொடுத்தான், பிறகு அந்தப் புது வீரனிடமே முறைப்படி சரணடைந்தான். ஈஸ்டருக்குள் உயிரோடு வீடு வந்து சேர்ந்தான்.

அன்றிலிருந்து மொர்வால் வீட்டு விருந்து எதுவும் அந்தக் கூத்து இல்லாமல் முடிந்ததில்லை. வாத்துக்கறி வந்ததும் திபோ ஒரு காலைப் பிய்த்து எடுப்பார். தன் வேட்டை நாயை உட்காரச் சொல்லி, அதன் தோளில் வாத்துக்காலால் தட்டி, "எழுந்திருங்க, வீரரே!" என்பார். கூடமே அதிரும். ரெனியேயும் சிரிப்பான். நாய்க்கு வாத்துக்கால் கிடைக்கும். அந்த வீட்டில் அதனால் ஆதாயம் அடைந்தது நாய் மட்டும்தான்.

இன்று எதிரிப் படையில் இருந்த ஊர்க்காரர்கள் இரண்டு பேர் வாய்க்காலோரமாக வந்தார்கள். ஒருவன் கறிக்கடை மார்ட்டன். அவன் கையில் ஆணி பதித்த தடி. அதற்கு அவர்கள் ஊர் வணக்கச் சொல்லான 'நல்ல நாள்' என்றே பெயர். இன்னொருவன் ஒல்லி. இடுப்பளவு தண்ணீரில் வாளோடு நின்ற ரெனியேயிடம் அந்த ஒல்லிதான் கேட்டான், "சரணா?" என்று. மூன்று தடவை கேட்டான். மூன்றாவது தடவை ரெனியே திரும்பித் திபோவைப் பார்த்தான். அண்ணன் பார்த்துக்கொண்டிருக்கிறாரா என்று சரிபார்ப்பதுபோல ஒரு பார்வை. அண்ணன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "இல்ல," என்றான் ரெனியே. மார்ட்டன் தன் வேலையைச் செய்தான்.

திபோ அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். வரவில்லை.

மார்ட்டனின் செருப்பு சேற்றில் புதைந்துவிட்டது. அவன் குனிந்து அதைத் துழாவிக்கொண்டிருக்க, ஒல்லி தண்ணீரைத் தள்ளிக்கொண்டு திபோவிடம் வந்தான். கம்பளிச் சந்தைகளில் கற்ற எங்கள் மொழி அவனிடம் இருந்தது.

"சரணம்னு சொல்லிட்டு கையுறையக் குடுங்க. எனக்குக் குளிருது."

"யாருடா நீ?"

"லீவன்."

"என்ன வம்சம்?"

"துணி மிதிக்கிற வம்சம். அப்பாவும் மிதிச்சாரு."

அவன் சொல்லியிருக்கவே வேண்டாம். மூத்திரத் தொட்டியில் நின்று கம்பளியை மிதித்து மிதித்துக் கெட்டியாக்குகிறவன் வாசனையை எந்த வாய்க்காலும் கழுவிவிட முடியாது.

"உங்கிட்டல்லாம் நான் சரணடைய முடியாது."

"ஏன், குதிர அமுக்குதா? வேணா தூக்கிவிடறேன்."

"அதில்லடா. நீ பட்டம் வாங்கின வீரன் இல்ல."

"ஓ." லீவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "அவரும் அதுக்குத்தான் மாட்டேன்னாரா? எதுக்கு உங்களப் பாத்தாரு?"

திபோ வானத்தைப் பார்த்தார்.

"சீக்கிரம் சொல்லுங்க சாமி. செருப்பு கெடச்சிருச்சுன்னா மார்ட்டன் வந்துருவான். அவன் கேள்வியெல்லாம் கேக்க மாட்டான். கறிக்கடைக்காரன், பதில் சொன்ன ஆட்ட அவன் பாத்ததே இல்ல."

திபோ மானத்தைப் பற்றி நினைக்க முயன்றார். இருநூறு வருடத்தை நினைத்தார். இடது பாதம் இருக்கிறதா என்பது மட்டும்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. அதுவும் பெரிய ஆவல் எதுவும் இல்லாமல்.

"அந்த வாள எடு," என்றார்.

"நீங்க குத்திக்கிறதுக்கா?"

"எடுடா."

லீவன் போய் ரெனியேயின் வாளை எடுத்து, சட்டைக் கையில் துடைத்துக் கொண்டுவந்தான். திபோவின் வாள் எங்கே என்று திபோவுக்கே தெரியாது.

"முட்டி போடு."

"தண்ணிக்குள்ளயா?"

"பட்டத்துக்கு முன்னால குளிச்சிருக்கணும்."

கழுத்தளவு தண்ணீருக்குள் இறங்கிய லீவன் தன்னைக் குனிந்து பார்த்துக்கொண்டான். "குளிச்சாச்சு."

"ஒரு ராத்திரி பூரா கண்ணு முழிச்சு ஜெபம் பண்ணணும்."

"நீங்கல்லாம் வர்றீங்கன்னு மூணு ராத்திரியா முழிச்சிருக்கோம். நல்லாவே ஜெபம் பண்ணோம்."

"நோன்பு..."

"கோதுமைய எரிச்சது நீங்கதான?"

திபோ தன் பட்டமளிப்புக்கு முந்தைய இரவில் பீடத்தடியில் குறட்டை விட்டுத் தூங்கினவர். நோன்பன்று பின்கட்டில் ஒரு கோழியும் தின்றிருந்தார். அதை இப்போது சொல்ல வேண்டிய அவசியம் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

"விதவைகளையும் அநாதைகளையும் காப்பாத்துவேன்னு சொல்லு."

"யாரு ஆக்குன விதவைங்கள?"

"சொல்லுடா."

"சரி, காப்பாத்துறேன். நாளைக்கு வேலைக்குப் போகணுமா?"

"போகணும்."

"அப்ப இதுல என்னதான் இருக்கு?"

பின்னால் மார்ட்டன் நிமிர்ந்தான். செருப்பு கிடைத்துவிட்டது.

திபோ வாளைத் தூக்கினார். வாளின் தட்டைப் பக்கத்தை லீவனின் நனைந்த தோளில் வைத்தார்.

"எழுந்திருங்க, வீரரே."

யாரும் சிரிக்கவில்லை. லீவன் எழுந்தான். முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. திபோ வலது கையுறையின் வாரைப் பல்லால் இழுத்து அவிழ்த்தார். ஊறிப்போன தோல் லேசில் வரவில்லை. வந்ததும் நீட்டினார்.

"உங்ககிட்ட சரண்."

"மார்ட்டன்! இவரு என்னோட ஆளு," என்று லீவன் திரும்பிக் கத்தினான். கத்தியது போதவில்லை என்று நினைத்தானோ என்னவோ, திபோவிடம் குனிந்தான். "அவனுக்குக் கேக்கல. இன்னொரு தடவ சத்தமாச் சொல்லுங்க."

திபோ இன்னொரு தடவை சொன்னார். முன்னதைவிட மெதுவாகத்தான் சொன்னார், பத்தடி தள்ளிக் கிடப்பவனுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல.