அழுக்கு தெரியாத கம்பளி

"இப்பல்லாம் சனங்க வூட்டுக்குள்ள ஏசியப் போட்டுக் குளிர வச்சிக்கினு, அந்தக் குளிருக்கு ஒரு கம்பளியும் வாங்கிப் போத்திக்கினு படுக்குதுங்க. திமிரு!" என்றார் சாமிக்கண்ணு.

பஸ் நிறுத்தத்துப் பக்கம், வேப்பமரத்துக்கும் கரண்ட் கம்பத்துக்கும் நடுவே கயிறு கட்டிக் கம்பளி தொங்கவிட்டிருந்த விஜயராஜ் சிரித்தான். "நீ மார்கழிப் பனிக்குத்தான தாத்தா வந்திருக்க? இதப் போத்திக்கினா மாமியா திட்டறதுகூடக் காதுல வுழாது."

"எம் மாமியா செத்து எலும்பும் கரைஞ்சி பூட்டுது. அந்தக் காப்பிக்கொட்டை கலர எடு."

அதற்குள் மகள் பிரபாவதி வெளிர்மஞ்சளில் ஒன்றை உருவிவிட்டாள். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருப்பவள். வடக்குத்துக் கிராமத்தில் தனியாகக் கிடக்கும் அப்பா ஐப்பசியிலிருந்து இருமுகிறார்; ஆஸ்பத்திரி என்றால் எழுந்து போய்விடுகிறார். கம்பளி வாங்கவாவது வந்தாரே என்று கூட்டி வந்திருந்தாள்.

"இத எடுத்துக்கப்பா."

"மஞ்சளா? கதவத் தொறந்தா கரித்தூசி. ரெண்டே நாள்ல கரித்துணியாப் பூடும். கம்பளின்னா அழுக்கு தெரியாம இருக்கணும்."

நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்த காலம் முழுக்க அவர் வீட்டில் அந்தக் காப்பிக்கொட்டை நிறம்தான். குறிஞ்சிப்பாடிக் கடையில் ஒருமுறை மனைவி வீரம்மாள், வெள்ளையில் பூப்போட்ட கம்பளியைத் தடவிக்கொண்டே நின்றாள். "வெள்ளைய வாங்கி எவன் தோய்க்கறது?" என்றார் இவர். "நாந்தான தோய்க்கறேன்," என்றாள் அவள். பழுப்புதான் வீட்டுக்கு வந்தது.

பிரபாவதி குரலைத் தாழ்த்தினாள். "அம்மாவுக்கும் அந்தக் காப்பிக்கொட்டை கலருதான வாங்கின? இருமி இருமி அதுலயே வாயத் தொடச்சிக்கினு கெடந்துது. நான் ஊற வச்ச தண்ணி செவந்தப்புறந்தான் ரத்தம்னே தெரிஞ்சிது. முன்னாடியே வந்திருந்தா மாத்திரையிலயே தீந்திருக்கும்னு டாக்டரு சொன்னாரே, மறந்துட்டியா?"

"அவ வாயத் தொறந்து சொல்லியிருக்கணும்."

"நீ சொல்ல வுட்டியா?"

சாமிக்கண்ணு கம்பத்தைப் பார்த்தார்.

"நீயும் சொல்லமாட்ட. அதான் மஞ்சளு. வாராவாரம் நானே வந்து தோய்க்கறேன்."

"ஓகோ. அப்ப இது கம்பளி இல்ல. என்ன வேவு பாக்க நீ வைக்கற ஆளு."

"ஆமாம்ப்பா. அப்படியே வச்சிக்க."

விஜயராஜ் வேறு பக்கம் திரும்பி, மடித்த கம்பளியையே மறுபடி மடித்தான்.

சாமிக்கண்ணுவின் கை மஞ்சள் கம்பளியின் மேல் போயிற்று. மெத்தென்றிருந்தது. குறிஞ்சிப்பாடியில் வீரம்மாளின் கை இப்படித்தான் போய்ப் போய் வந்தது. கேட்டது ஒரு கம்பளி. வாங்கிக் கொடுத்திருந்தால் இவர் தேய்ந்தா போயிருப்பார்?

தொண்டை கமறியது. தோளில் கிடந்த துண்டை வாயில் பொத்திக்கொண்டு குனிந்து இருமினார். அடங்கியதும் துண்டை விரித்துப் பார்த்தார். காவித் துண்டு. ஈரம் தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை. பிரபாவதி கையை நீட்டுவதற்குள் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"வெறுஞ்சளி," என்றார். யாரும் அவரை எதுவும் கேட்டிருக்கவில்லை.

"அப்பா, கொஞ்சம் காட்டு."

"கலரா ஆளக் கொல்லும்? பேச வந்துட்டா!"

எந்தக் கம்பளியும் வாங்காமல், கக்கத்தை இறுக்கியபடி, வடக்குத்துப் பக்கம் நடந்தார்.