ஃபென்னா பாஸ்மா ஏன் வண்டி மாற்றவில்லை

1

இந்தக் கதை சர்ச்சின் நிலவறையில், காகிதக் கோப்பைக் காப்பிக்கு நடுவே, ஒரு பெண் கேட்ட கேள்வியில் பிறந்தது. என் கற்பனையில் உதித்தது என்று சொல்லிக்கொண்டால் கௌரவமாக இருக்கும். ஆனால் எங்கள் வீட்டில் அடுத்தவர் பொருளை நமது என்று சொல்லும் வழக்கமில்லை.

மேற்கு மிஷிகனில், ஏரிக்குப் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். அங்கே டன்மோர் கார் விற்றவர் என் அப்பா யெல்லே பாஸ்மா. நான் அவருடைய மகன் வில்லார்ட். டன்மோர் கம்பெனி மூடி அறுபது வருஷத்துக்கு மேலாகிறது. ஆனாலும் பழைய டன்மோர் வைத்திருப்பவர்கள் சங்கம் அமைத்து, கோடைதோறும் வண்டிகளைத் துடைத்துக்கொண்டு வந்து கூடுகிறார்கள். அப்பாவின் ஷோரூமைச் செப்பனிட்டு அரங்கமாக்கி, வாசலில் 'பாஸ்மா அரங்கம்' என்று பொறிப்பதாக இந்த ஆண்டு பேச்சு. கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள். சங்கச் செயலாளர் ஆர்லீன் ஹூக்ஸ்ட்ரா மட்டும் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"பேரு வைங்க, நான் வேணாங்கலை. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். கடைசி வருஷம் பாதி ஊரு புது டன்மோர் வாங்கிச்சு. அடுத்த கோடையில கம்பெனியே இல்லை. டீலர் பொண்டாட்டி மட்டும் அந்த வருஷம் பூரா பழைய பச்சை வண்டியிலயே சர்ச்சுக்கு வந்தாங்களே, அது ஏன்?"

"ஆர்லீன், அதெல்லாம் எப்பவோ நடந்தது..." என்றார் தலைவர் டர்க்.

"எப்பவோதான். எங்கப்பா வாங்கின வண்டி எங்க கொட்டகையில இன்னும் நிக்குது. அதுகிட்ட வந்து சொல்லுங்க, எப்பவோன்னு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "எழுதித் தர்றேன். விழா மலர்ல போடுங்க. படிச்சுட்டு ஓட்டுப் போடுங்க" என்றேன்.

ஆகவே இது ஒரு குடும்பத்தின் பெயருக்காக எழுதப்படும் கதை. அப்படிப்பட்ட கதையைச் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். நீங்கள் படிப்பதையும் நான் சந்தேகத்தோடுதான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "என் அப்பா நேர்மையான மனிதர்."

[அடித்துவிட்டேன். நேர்மையானவரின் மகன் இதை முதல் வரியிலேயே ஏன் சொல்கிறான் என்று நீங்கள் கேட்பீர்கள். நானாக இருந்தாலும் கேட்பேன்.]

இரண்டாவது தொடக்கம்: "1957 ஜூலையில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், டன்மோர் தொழிலாளர்கள் தங்களுக்கு வேலை போனதை வானொலியில் கேட்டபோது, ஒருவர் கையிலிருந்த ரொட்டி—"

[நான் அங்கே இல்லை. ரொட்டி விழுந்ததா, தின்று முடித்தாரா, எனக்குத் தெரியாது. தெரியாததை விழவைக்க மாட்டேன்.]

மூன்றாவதாக, வம்சாவளியிலிருந்து தொடங்குகிறேன்.

எலையஸ் டன்மோர் ஏரிக்கரையில் படகு இயந்திரம் செய்தவர். பிறகு அதே இயந்திரத்துக்கு நான்கு சக்கரம் வைத்தார். வண்டி முகப்பில் சின்னமாக ஒற்றைக் காலில் நிற்கும் நாரை. வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரிய இயந்திர மூடியின் மேல் கையை வைத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவு அமைதி. டாக்டர்கள் வாங்கினார்கள். பாதிரியார்கள் வாங்கினார்கள். அதிகம் வாங்கியவர்கள் சவ அடக்கம் செய்பவர்கள். அழுகைக்கு நடுவே இயந்திரம் உறுமக் கூடாதல்லவா. போர் வந்தபோது ராணுவ லாரிக்கு இயந்திரம் செய்து கொடுத்தார்கள். போர் முடிந்ததும் டன்மோருக்குப் பெயர் எழுதிவைத்துவிட்டு ஜனங்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அப்போது எங்கள் அப்பா தெருவில் நடந்தால் முடிதிருத்துபவர் கத்தரிக்கோலை வைத்துவிட்டு வெளியே வருவார்.

பிறகு எலையஸ் இறந்தார். மருமகன்கள் வந்தார்கள். பெரிய கம்பெனிகள் விலையைக் குறைத்தன. வருஷத்துக்கு ஒரு புது உருவம் காட்டின. உடம்பின் வடிவத்தை மாற்றப் புதிய அச்சுகள் வார்க்க வேண்டும். அதற்கு டன்மோரிடம் தெம்பில்லை. அதே உடம்புக்கு மேலும் கொஞ்சம் குரோமியப் பட்டை ஒட்டினார்கள். "கிழவிக்கு உதட்டுச் சாயம்" என்று எதிர்க்கடைக்காரன் சொன்னதாகக் கேள்வி. கடைசியில் ஒரு ஜூலை மாதம், அறிவிப்பு.

ஒரு கம்பெனி செத்தால் அதன் முதலாளிகளைப் பற்றி எழுதுகிறார்கள். கடைசியாக யார் வாங்கினார் என்று யாரும் எழுதுவதில்லை. யார் விற்றார் என்றும்.

3

முதல் வரைவில் ஹாரி ஸ்லோட் என்றொரு விற்பனையாளன் இருந்தான். மெல்லிய மீசை, இருவண்ணக் காலணி, சிகாகோவிலிருந்து வந்தவன். கம்பெனி மூடப்போவது அவனுக்கு முன்பே தெரியும். அப்பாவிடம் மறைத்துவிட்டு, சிரித்துச் சிரித்து ஊரார் தலையில் கடைசி வண்டிகளைக் கட்டினான். அவன் வந்ததும் கதை எப்படி ஓடியது தெரியுமா! பழி அவன்மேல், பரிவு எங்கள்மேல்.

ஆனால் ஊரில் யாருக்கும் அவனை நினைவிருக்காது. ஏனென்றால் அவன் இருந்ததில்லை. எங்கள் கடையில் வண்டி விற்றவர் ஒரே ஆள்தான்: அப்பா.

ஹாரியை வேலையிலிருந்து நீக்குகிறேன். மீசையை எடுத்துக்கொண்டு போகட்டும்.

4

ஆர்லீனின் கேள்வி புரிய வேண்டுமென்றால் எங்கள் ஊர் இலையுதிர்காலம் தெரிய வேண்டும்.

புது வருஷ வண்டிகள் அக்டோபரில் வரும். ஒரு வாரம் முன்பே ஷோரூம் கண்ணாடி முழுக்கப் பழுப்புக் காகிதம் ஒட்டிவிடுவோம். பிள்ளைகள் கிழிசல் தேடி மூக்கை ஒட்டி நிற்கும். குறித்த நாளில் அப்பா காகிதத்தை உரிப்பார். ஆப்பிள் சாறும் எண்ணெயில் பொரித்த டோனட்டும் கொடுப்போம். ஞாயிறன்று வியாபாரம் கிடையாது, நாங்கள் அப்படிப்பட்ட கூட்டம் இல்லை. ஆனால் அந்த ஞாயிறு அம்மா ஃபென்னா புது வண்டியை ஓட்டிக்கொண்டு சர்ச்சுக்கு வருவாள்.* மணி அடிக்கும்வரை ஆண்கள் அதைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். விற்பனை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். திங்கட்கிழமை கடையில் கூட்டம் நிற்கும்.

(* சர்ச்சில் இரண்டாம் வரிசை எங்களுடையது. எங்கும் எழுதியில்லை. வேறு யாரும் உட்காரவும் மாட்டார்கள்.)

1956 அக்டோபரில் காகிதம் உரிக்கப்பட்டது. ஞாயிறன்று அம்மா பழைய பச்சை வண்டியில் வந்தாள்.

"இது எனக்குப் பழகிடுச்சு" என்றாள் அப்பாவிடம். அவ்வளவுதான். அப்பாவுக்கு ஆச்சரியம், அடுத்த வாரமே மறந்துவிட்டார்.

கம்பெனி மூடப்போவது அப்பாவுக்குத் தெரியாது என்பதற்கு என்னிடம் ஒரு சாட்சி உண்டு. 1957 மே மாதம், கம்பெனி மூட இரண்டு மாதம் இருக்கும்போது, கடை முகப்பில் நியான் விளக்கில் புது நாரை மாட்டினார். சாகப்போகிற பெயருக்கு யாராவது விளக்குப் போடுவானா?

இதைக் கூட்டத்திலேயே சொன்னேன். ஆர்லீன் சிரித்தாள். "மீன் பிடிக்கத் தூண்டில்ல புழு மாட்டுவாங்க. உங்கப்பா கொக்கை மாட்டினார், வில்லார்ட்."

"அது நாரை" என்றேன்.

"மீனுக்கு என்ன வித்தியாசம்?"

பாருங்கள். நம்பாதவரிடம் சாட்சி கொடுத்தால் அது அவருடைய சாட்சியாகிவிடுகிறது.

5

[இந்தப் பகுதி மலரில் வருமா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை.]

அம்மாவுக்கு ஒரு தங்கை, டீனா சித்தி. டன்மோர் தலைமை அலுவலகத்தில் தட்டச்சு செய்தவள். கம்பெனி மூடிப் பல வருஷம் கழித்து ஒரு கிறிஸ்துமஸ் மேசையில் சித்தி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அந்த ஐம்பத்தாறு கோடை இருக்கே, எனக்கு வேலையே இல்லை. வழக்கமா அந்த மாசங்கள்ல, அடுத்த வருஷம் வர்ற வண்டிக்குப் பட்டை, விளக்குன்னு ஆர்டர் அடிச்சு அடிச்சு விரல் வீங்கிடும். அந்த வருஷம் ஒண்ணுமே வரலை. நகத்துக்குச் சாயம் பூசிட்டு உக்காந்திருந்தேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அம்மா கேக் எடுத்து வருவதாக எழுந்து போனாள். கேக் மேசையில்தான் இருந்தது.

ஐம்பத்தாறு செப்டம்பர் விடுமுறைக்குச் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அக்காவும் தங்கையும் பாத்திரம் கழுவிக்கொண்டு தணிந்த குரலில் பேசினார்கள். நான் உள்ளே போனதும் நிறுத்தினார்கள். பதினாறு வயதில் அது பெண்கள் விஷயம் என்று வெளியே வந்துவிட்டேன். இன்று அதே சமையலறைக்கு ஒவ்வொரு வரியிலும் திரும்பிப் போகிறேன். இன்றும் நிறுத்திவிடுகிறார்கள்.

கம்பெனி மூடப்போவது அம்மாவுக்குத் தெரிந்திருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் அவர் அன்றே கடையைப் பூட்டியிருப்பார். வீடு தெருவுக்கு வந்திருக்கும். அல்லது, தெரிந்துகொண்டே விற்றிருப்பார். அதன்பின் அந்த மனிதர் வேறு ஆள். சொல்லாவிட்டால், ஒவ்வொரு வண்டியையும் அவர் மனதார நம்பி விற்கலாம். அம்மாவால் புது வண்டியில் ஏறி உட்கார மட்டும் முடியவில்லை.

எழுதும்போது இது அழகாகத்தான் இருக்கிறது. அதனாலேயே எனக்கு இதன்மேல் சந்தேகம். அப்பாவைக் காப்பாற்ற மகன் அம்மாவைப் பிடித்துக் கொடுக்கிறான் என்று ஆர்லீன் சொல்வாள்.

6

[இதுவும்.]

அப்பா யாரையும் வற்புறுத்தி விற்கவில்லை என்பதையாவது நிரூபிக்கலாம் என்று ஆர்லீனின் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அப்பா ரீன் ஹூக்ஸ்ட்ரா சதுப்பு நிலத்தில் செலரிக் கீரை பயிரிட்டவர்.

"வாங்க, டீலர் மகனே. ஷூவைக் கழட்டிட்டு வாங்க, தரை இப்பத்தான் துடைச்சேன்."

காப்பி ஊற்றினாள். பாதாம் பிஸ்கட் வைத்தாள். பகை வேறு, பிஸ்கட் வேறு.

"உங்கப்பா வண்டி வாங்கின அன்னிக்கு நீ கூட இருந்தியா?"

"இருந்தேன், ஒம்பது வயசு. வாங்கற எண்ணமே இல்லை. புது விளக்கு போடறாங்கன்னு சும்மா பார்க்க வந்தோம்."

"எங்கப்பா பேசி வாங்க வச்சாரா?"

"உங்கப்பாவா? அவர் ஏணி மேல நின்னு அந்தக் கொக்கோட மல்லுக்கட்டிட்டிருந்தார். எங்களைப் பார்க்கவே இல்லை."

"பின்ன?"

"உங்கம்மா." கோப்பையைச் சுழற்றினாள். "தட்டுல காப்பி கொண்டுவந்தாங்க. கண்ணாடி வழியா எங்க பழைய வண்டியைப் பார்த்தாங்க. 'ரீன், உனக்கு அந்தப் பழசே போதுமே. இலையுதிர் காலம் வரைக்கும் பொறுத்துப் பாரேன்'னாங்க. கடையில நாலு பேர் நிக்கறாங்க. சேத்துல நிக்கறவனுக்கு டன்மோர் எதுக்குன்னு சொல்லாம சொல்லிட்டாங்க. எங்கப்பா முகம் பீட்ரூட்டாச்சு. தொப்பியைக் கழட்டி அந்த வண்டி மூடி மேல வச்சார். 'யெல்லே, இறங்கி வா. இதை இன்னிக்கே எடுத்துக்கறேன்'னார்."

"அம்மா என்ன செஞ்சாங்க?"

"தட்டைப் பிடிச்சுட்டு நின்னாங்க. 'வேணாம், ரீன்'னு இன்னொரு தரம் வேற. அப்பா சொன்னார், 'எனக்கு எது போதும்னு நீங்க அளந்து சொல்ல வேணாம், மிஸ்ஸஸ் பாஸ்மா.' அதோட சரி. அப்புறம் உங்க வீட்டுத் திசையில தலை வச்சுப் படுக்கலை அவர்." என்னை நேராகப் பார்த்தாள். "கம்பெனி மூடினதைக்கூட அவர் மன்னிச்சுட்டார், வில்லார்ட். கம்பெனின்னா மூடும். அந்தப் பேச்சை மன்னிக்கலை. நானும்தான்."

என் வாய் வரை வந்தது. [ஆர்லீன், அது இளக்காரம் இல்லை, அது எச்சரிக்—]

"என்ன, முகம் மாறிப்போச்சு?"

"காப்பி சூடு."

"அது ஆறி அரைமணி ஆச்சு."

எழுந்து ஷூவை மாட்டினேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

7

முதல் முடிவு. ஐந்தையும் ஆறையும் எடுத்துவிடுகிறேன். அப்பா விளக்கு மாட்டிய ஏமாளி. அம்மா பழைய வண்டியை விட மனமில்லாத சிக்கனக்காரி. சிக்கனத்துக்குப் பேர்போன எங்கள் டச்சு வம்சத்து ஜனங்கள் இதை உடனே நம்புவார்கள். பெயர் பொறிக்கப்படும். ரீன் ஹூக்ஸ்ட்ராவின் மகள் அந்த அவமானத்தைக் கல்லறை வரை சுமப்பாள்.

இரண்டாவது முடிவு. எல்லாவற்றையும் அச்சிடுகிறேன். தன் அப்பாவை யாரும் இழிவுபடுத்தவில்லை, தடுக்கத்தான் பார்த்தார்கள் என்று ஆர்லீன் அறிவாள். அதே வரியில் ஊரும் அறியும்: பாஸ்மா வீட்டில் ஒருத்திக்குத் தெரிந்திருந்தது, ஒரே ஒருவரிடம் அரை வார்த்தை சொன்னாள், மற்றவர்களை வாங்கவிட்டாள்.

மூன்றாவதாக ஹாரி ஸ்லோட்டைத் திரும்பக் கூப்பிடலாம். அழைத்தால் வந்துவிடுவான், அந்த மாதிரி ஆள். கூப்பிடவில்லை.

ரீன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன ஒவ்வொரு ஞாயிறும் அம்மா சர்ச் வாசலில் நின்றாள். ஒரு வாக்கியத்தில் அவரைச் சமாதானப்படுத்தியிருக்கலாம். சொல்லவில்லை, சொன்னால் வீட்டின் பெயர் போயிருக்கும். தன் பெயரைக் கொடுத்து எங்கள் பெயரை வாங்கினாள். அவள் காத்ததை நான் காக்க வேண்டுமா, அவளைக் காக்க வேண்டுமா? இரண்டையும் செய்யும் ஒரு வாக்கியத்தை இத்தனை நாளாகத் தேடுகிறேன். [எழுதி அடித்தவை குப்பைக்கூடையில்.]

வாசலில் கார் நிற்கும் சத்தம். மலருக்கான பக்கங்களை வாங்க ஆர்லீன் வந்துவிட்டாள்.

"வில்லார்ட்! முடிச்சீங்களா இல்லையா? அச்சகத்துக்காரன் என் உயிரை எடுக்கறான்!"

மேசையில் இரண்டு கட்டுகள் இருக்கின்றன, ஒன்று ஐந்தும் ஆறும் இல்லாத மெல்லியது, ஒன்று தடித்தது. நான் போய்க் கதவைத் திறக்க வேண்டும். வந்தவரை வெளியே நிறுத்துவது எங்களுக்கு வழக்கமில்லை. மேலே இருக்கும் கட்டைத்தான் அவள் எடுத்துக்கொள்வாள்.

நான் திரும்பி வருவதற்குள் எதை மேலே வைக்க வேண்டுமோ வைத்துவிடுங்கள். நான் பார்க்க மாட்டேன். வைக்கும்போது அந்தக் காப்பித் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவளை என் அம்மா என்று நினைக்காதீர்கள். உங்கள் அம்மா என்று நினைத்துக்கொள்ளுங்கள்.