பிரியந்தியின் கொழுந்து

என் வீட்டில் காசு நிற்காததற்கு யார் யார் காரணம் என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்லுவேன். தோட்டக் கம்பெனிக்காரன், தொழிற்சங்கத் தலைவர், மழை, அரிசி விலை, கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் கொத்து ரொட்டி போடும் என் புருஷன் ஜீவராஜ். மாதம் முடிவதற்குள் தீர்ந்துபோகும் காஸ் சிலிண்டரைக்கூட விட்டதில்லை. அந்தப் பட்டியலில் சர்மிளா என்ற பெயர் மட்டும் இருந்ததே கிடையாது. சர்மிளா நான்தான்.

போன தீபாவளிக்கு நான் ஒரு டீவி வாங்கினேன். நாற்பத்து மூன்று அங்குலம். வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், என் வீட்டு முன்னறைச் சுவரில் மாட்டினால் சுவரே மறைந்துவிடும். ஜீவராஜ் ஒவ்வொரு முறையும் ரெண்டே நாளில் கொழும்புக்கு ஓடிவிடுவார். "இங்க என்னா இருக்கு, சும்மா மொகட்டப் பாத்துக்கிட்டு" என்பார். பெரிய டீவி இருந்தால் ஒரு வாரம் நிற்பார் என்று நினைத்தேன். வந்தார், ரெண்டு நாள் கிரிக்கெட் பார்த்தார், போய்விட்டார்.

டீவிக்கான காசு குழுக் கடன். ஐந்து பெண்கள் சேர்ந்தால் ஆளுக்கு எண்பதாயிரம் தருவார்கள். ஒருத்திக்கு மற்ற நாலு பேரும் பிணை. புதன்கிழமை தோறும் ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பது, ஐம்பத்திரண்டு வாரம் கட்ட வேண்டும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் பங்கு போட்டுக் கட்ட வேண்டும், கட்டும்வரை கூட்டத்திலிருந்து யாரும் எழுந்து போக முடியாது. சுயதொழில் செய்கிறவர்களுக்குத்தான் கடன் என்பதால் ஆடு வளர்க்கிறோம் என்று எழுதிக் கொடுத்தோம். லயத்துக் கடைசியில் இருக்கும் தொங்கல் வீட்டுக்காரர்களின் ஆட்டை இரவல் வாங்கி, ஒவ்வொருத்தியும் பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டோம். ஐந்து படத்திலும் ஒரே ஆடு, ஒரே முழி. கடன் கொடுக்கும் இடத்திலிருந்து வந்து படம் எடுத்த லோன் சேருக்கும் அது தெரியும்.

அந்த ஐந்து பேரில் பிரியந்தியும் ஒருத்தி. டயகமவுக்குப் பக்கத்தில் இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து மலையில் நான் பறிக்கும் செடி வரிசைக்குப் பக்கத்து நிரை அவளுடையதுதான். வேகமான கை. நான் வாயால் வேலை செய்கிறவள், அவள் கையால் செய்கிறவள்.

எங்கள் தோட்டத்தில் பதினெட்டுக் கிலோ கொழுந்து பறித்தால்தான் பேர் விழும், அதாவது முழுநாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர். கூடினால் ஒவ்வொரு கிலோவுக்கும் ஐம்பது ரூபாய் தனியாக வரும். சித்திரை முடிவில் எனக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. மூன்று நாள் படுத்துவிட்டு மலைக்குப் போனால் கால் நடுங்கியது. பகல் வரைக்கும் எட்டுக் கிலோகூட இல்லை. பிரியந்தி தன் பையிலிருந்து கைகையாக அள்ளி என் பையில் போட்டாள்.

"அரைப்பேரு விழுந்தா புதன்கெழம என்னாத்தக் கட்டுவ? புடி," என்றாள்.

அன்றைக்கு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது உண்மையான கண்ணீர்தான். ஆனால் காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விட்டது, கொழுந்து வாங்குவது மட்டும் போகவில்லை. தினமும் பின்னேரம் மூன்று மணிக்கு நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்ப்பேன், அவள் மூன்று கிலோவோ நாலு கிலோவோ அள்ளிப் போடுவாள். நாளாக ஆக நான் கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாகப் பறிக்கத் தொடங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இப்படியே ரெண்டு மாதம் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்ப் பீலியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். பிரியந்தியின் மகள் ஜெயந்தினி வாளியோடு வந்தாள். பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகும் பிள்ளை. ஞாயிறு காலையில் அவள் அக்கரபத்தனை டவுனில் கணக்கு டியூஷன் வகுப்பில் இருக்க வேண்டும்.

"ஏன்டி, இன்னிக்கு கிளாஸ் இல்லையா?"

"நிப்பாட்டியாச்சு சித்தி. கூடுதல் கிலோ காசு இப்ப வர்றதில்லன்னு அம்மா சொன்னாங்க. பரவால்ல, நானே படிச்சுக்குவேன்."

என் மூளை முதலில் பாய்ந்தது கணக்கு சேர் மேல்தான். பாவப்பட்ட பிள்ளைகளிடம் இவ்வளவு காசு வாங்கலாமா, இவனெல்லாம் ஒரு வாத்தியாரா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே துணியைப் பிழிந்தேன். பிழிந்து முடிப்பதற்குள் கை நின்றுவிட்டது. அந்தக் கூடுதல் கிலோ எங்கே போனது என்று எனக்குத் தெரியாதா? என் பையில்தானே போனது.

இனி ஒரு இலைகூட வாங்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். முடிவு எடுப்பதில் நான் கெட்டிக்காரி. மறுநாள் விடியும்போதே மழை. அட்டையும் குளிருமாக மலை ஏறினோம். மூன்று மணிக்கு என்னிடம் பதினாறு கிலோகூடத் தேறாது என்று தெரிந்தது. இன்னும் ஒரு நாள் போனால் புதன்கிழமை. பழைய மாதிரி இடுப்பில் கையை வைத்தேன். பிரியந்தி அள்ளிப் போட்டாள். "இன்னும் ரெண்டு கை போடுடி" என்று வேறு கேட்டேன்.

மலையில் தராசு கிடையாது, எல்லாம் கைக்கணக்குத்தான். தன்னிடம் பதினெட்டுக்குக் குறையாமல் மிஞ்சும் என்று பிரியந்தி நினைத்திருந்தாள். வேலை முடிந்து மடுவத்தில் எடை போட்டபோது, மழைக் கொழுந்துக்குத் தண்ணீர்க் கழிவு என்று ஆளுக்கு ரெண்டு கிலோ வெட்டினார்கள். என் கொழுந்து கழிவு போகச் சரியாகப் பதினெட்டு. எனக்கு முழுப்பேர். அடுத்து அவளுடையதைத் தராசில் தொங்கவிட்டார்கள். கழிவு போகப் பதினேழு.

கணக்கப்பிள்ளை பொன்னையா பேனாவை மூடினார். "ரெண்டு மாசமா நானும் பாக்குறேன் பிரியந்தி. ஒன் கை தூங்குது. இந்தா நிக்கிறாளே சர்மிளா, காய்ச்சல்ல கெடந்தவ. அவளப் பாத்துப் பழகு. ஒனக்கு இன்னிக்கு அரைப்பேருதான்."

மடுவத்தில் நின்ற அத்தனை பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். பிரியந்தி தலையைக் குனிந்துகொண்டு பையை உதறினாள். என்னைப் பார்க்கக்கூட இல்லை. திட்டியிருந்தால் நானும் ரெண்டு வார்த்தை திருப்பித் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

நான் எடை எழுதிய துண்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். பாதையில் பத்து அடி நடந்தேன். அந்தப் பத்து அடியில் மழையைத் திட்டினேன், தண்ணீர்க் கழிவைத் திட்டினேன், பொன்னையாவின் ஏழு தலைமுறையையும் திட்டினேன். அதற்கு மேல் திட்ட ஆள் கிடைக்கவில்லை. திரும்பிப் போனேன்.

"ஐயா, அவளுக்கு அரைப்பேரு போடாதீங்க. எம் பையில இருந்ததுல நாலு கிலோ அவளோட கொழுந்து."

"என்னா சொல்ற?"

"நான்தான் கேட்டு வாங்குனேன். இன்னிக்கு மட்டும் இல்ல, ரெண்டு மாசமா வாங்குறேன்."

"அப்ப ரெண்டு பேருமாச் சேந்து ஏமாத்திக்கிட்டு இருக்கீங்க?"

"ஏமாந்தது அவ, ஐயா. ஏமாத்துனது நான். அரைப்பேர எனக்குப் போடுங்க." எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

பொன்னையா மறுபடியும் பேனாவைத் திறந்தார். பிறகு எழுதியதை வெட்டித் திருத்தினார். பிரியந்திக்கு இருபத்தொன்று, எனக்குப் பதினாலு. "இன்னொரு தடவ கண்டேன்னா ரெண்டு பேருக்கும் வேல இல்ல," என்றார்.

பிரியந்தி எனக்கு நன்றி சொல்வாள் என்று நினைத்தீர்களா? லயத்துக்குப் போகும் வழியில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வீராப்பாப் பேசிட்ட. நாளான்னிக்கு காசு எங்க இருந்து வரும்? நீ கட்டாட்டி நாங்க நாலு பேரும்தானே தலைய அடகு வைக்கணும்?"

"டீவிய விக்கிறேன்."

"ஒன் வீட்டுக்காரர் என்னா சொல்வாரோ?"

"அத நான் பாத்துக்கிறேன்."

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. டீவியைப் போர்வையில் சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு அக்கரபத்தனைக்கு, அதை வாங்கிய கடைக்கே போனேன். கடைக்கார இக்ராம் நானா போர்வையைப் பிரித்துப் பார்த்தார்.

"நல்ல சாமானாச்சே, எனத்துக்குத் தங்கச்சி விக்கிறீங்க?"

வழக்கமாக இந்த இடத்தில் என்னிடம் ஒரு பெரிய கதை இருக்கும். அன்றைக்கு, "எனக்குக் கட்டுப்படியாகாதத வாங்கிட்டேன் நானா," என்று மட்டும் சொன்னேன். அவர் முப்பதாயிரம் என்றார். அழாத குறையாக நின்று முப்பத்திரண்டுக்குக் கொண்டுவந்தேன். வாங்கும்போது கொடுத்ததை நினைத்து வயிறு எரிந்தது.

புதன்கிழமை கூட்டத்தில் பன்னிரண்டு வாரத்துக் காசை மொத்தமாக நீட்டினேன். லோன் சேர் சிரித்தார். "ஆடு நல்லா குட்டி போட்டிருக்குப் போல அக்கா."

"ஆடு இல்ல சேர். ஒங்க காசுல டீவி வாங்குனேன், அத வித்துட்டேன்." லோன் சேர் குனிந்து பற்றுச்சீட்டு எழுதினார்.

வெளியே வந்ததும் பிரியந்தியிடம் எட்டாயிரம் கொடுத்தேன். நாற்பது நாளுக்கு, நாளுக்கு நாலு கிலோ, கிலோவுக்கு ஐம்பது ரூபாய் என்று கணக்குப் போட்டிருந்தேன். வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குக்கூட அவள் சொல்லவில்லை. ஒரு தடவை எண்ணினாள், சரியாக இருக்கிறதா என்று இன்னொரு தடவையும் எண்ணினாள். "சரியா இருக்கு," என்றாள். அப்போது எனக்கு வலித்தது. வலித்தாலும் அவள் மேல் கோபம் வரவில்லை.

அன்று பொழுது சாயும்போது ஜீவராஜ் போன் பண்ணினார். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"டீவிய வித்துட்டியாமே? யாரக் கேட்டு வித்த?"

"யாரையும் கேக்கல. வாங்கும்போதும் ஒங்கள நான் கேக்கலயே."

"பைத்தியமா ஒனக்கு? இனி அங்க வந்து நான் எதப் பாக்குறது?"

"என்னையப் பாருங்க."

கடையில் யாரோ தகரத்தில் கொத்துத் தட்டுவது மட்டும் கேட்டது. எட்டு மாதத்துக்கு முன்னால், எண்பதாயிரம் கடன் வாங்குவதற்கு முன்னால், சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது.

"லீவு கெடச்சா வர்றேன்," என்றார் கடைசியில்.

வந்தால் சந்தோஷம். வராவிட்டாலும் புதன்கிழமை வரும். இன்னும் ஆறு வாரம் இருக்கிறது, கட்ட வேண்டியவள் நான்தான்.